எழுதியாயிற்று என்று யார் சொல்வது?

1978 ஜூலை–ஆகஸ்டில் வெளிவந்த பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட இதழ். இயங்குதளத்தின் மையமான கர்னலின் உள்ளமைப்பை விளக்கி, யூனிக்ஸைக் கட்டியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதில் ஒரு கட்டுரை எழுதினார். டிஸ்க்கைப் பற்றிய பகுதி அதில் மிகச் சிறியது. டிஸ்க்குக்கும் நிரல்களுக்கும் நடுவே நினைவகத்தில் ஒரு கேஷ் இருக்கிறது, அதனால் வேலை விரைவாகிறது என்று சொல்லிவிட்டு, அதன் கெடுதிகளையும் அவரே அடுக்குகிறார். எழுதும் வேலை பின்னணியில் நடப்பதால், பிழை நேர்ந்தால் அதை உரிய நிரலிடம் சொல்ல ஏறக்குறைய வழியே இல்லை. இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டால், நிரலின் கணக்கில் முடிந்துபோன வேலை டிஸ்க்கில் அரைகுறையாகக் கிடக்கும். நிரல் எவ்வளவு கவனமாக வரிசைப்படி எழுதினாலும், டிஸ்க்குக்குப் போகும் வரிசை வேறாகிவிடலாம். கேஷில் தேங்கியதையெல்லாம் டிஸ்க்குக்குத் தள்ளும் சிங்க் அழைப்பு ஓரளவு உதவும், ஆனால் சிக்கலைத் தீர்க்காது என்றும் ஒப்புக்கொள்கிறார். ஓர் அமைப்பைக் கட்டியவரே அதன் விரிசல்களை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இடங்கள் கணினி எழுத்தில் அதிகம் இல்லை. டிஸ்க்கை நிரல்கள் நேரடியாகத் தொட விடலாமா, கர்னலின் கேஷ் வழியாகத்தான் அனுப்ப வேண்டுமா என்ற சண்டை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நடந்தது. பெரும்பாலும் வேகத்தை வைத்தே நடந்தது. என் பார்வையில் வேகம் அதில் இரண்டாம் பட்சம். எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதுதான் அங்கே தீர்க்கப்படாமல் கிடந்த கேள்வி.

யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு ஒரே டிஸ்க்குக்கு இரண்டு பெயர்களைக் கொடுத்தது. ஆர்கே05 என்ற டிஸ்க்கை 'ஆர்கே0' என்ற பெயரில் திறந்தால் அது பிளாக் டிவைஸ். 'ஆர்ஆர்கே0' என்று முன்னால் இன்னொரு 'ஆர்' சேர்த்துத் திறந்தால் அதே டிஸ்க் ரா டிவைஸ். முதல் பெயரில் போனால் எல்லாம் கர்னலின் பஃபர்கள் வழியாக நடக்கும். அன்றைய கர்னலில் இருந்தவை 15 பஃபர்கள், ஒவ்வொன்றும் 512 பைட். மொத்தக் கேஷும் 8 கிலோபைட்டைத் தொடாது. இரண்டாம் பெயரில் போனால் பஃபர் கிடையாது. கர்னல் நிரலின் நினைவிடத்தை நகராமல் பூட்டி வைக்கும், டிஸ்க் அங்கிருந்தே எடுக்கும், அங்கேயே கொடுக்கும். டிஸ்க்கின் 1000-ஆவது பைட்டை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் டிவைஸில் அந்த இடத்துக்குப் போய் ஒரு பைட்டை எழுதினால் போதும். 512 முதல் 1023 வரையுள்ள பிளாக்கைக் கர்னல் பஃபருக்குள் வாசித்து, அதில் அந்த ஒரு பைட்டை மாற்றி, 'பிறகு எழுத வேண்டும்' என்று குறித்துக்கொண்டு, நிரலிடம் 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். எழுதுவதற்கென்று டிஸ்க் அப்போது அசைந்திருக்கக்கூட வேண்டியதில்லை. ரா டிவைஸில் இந்தச் சலுகை எதுவும் இல்லை. முழு 512 பைட்டையும் நிரலே வாசித்து, தானே மாற்றி, முழுதாகத் திருப்பி எழுத வேண்டும். எழுதி முடியும்வரை நிரல் காத்திருக்கும். பிழை வந்தால் அந்த அழைப்பிலேயே, அந்த நிரலிடமே வந்து சேரும்.

கேஷ் ஏன் வந்தது என்பதில் எந்த மர்மமும் இல்லை. ஆர்கே05 நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு 40 மில்லிசெகண்ட். தேவையான செக்டர் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும், தலை நகரும் நேரம் தனி. பிற்காலத்தில் மேசைக் கணினிகளில் பரவலான 7200 சுற்று டிஸ்க்கிலும் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் ஆகும். ஒவ்வொரு முறை சிறிதாக எழுதவும் ஒரு சுற்று காத்திருந்தால் வினாடிக்கு 120 முறை எழுதுவதோடு கதை முடிந்தது. ஒரே அடைவைப் பத்து நிரல்கள் மாறி மாறிப் பார்க்கும்போது பத்து முறை டிஸ்க்குக்குப் போவது வீண். இப்போதுதான் பிறந்து அடுத்த நொடியே அழியப்போகும் தற்காலிகக் கோப்பை டிஸ்க்கில் செதுக்குவதும் வீண். அன்றாட வேலைக்குக் கேஷ் இல்லாத இயங்குதளத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். கேஷை எதிர்த்து வாதாடுவது என் நோக்கமும் இல்லை. ஆனால் அது கொடுக்கும் வேகத்துக்கு ஈடாக மூன்று தகவல்களை நிரலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது: எழுதியது எப்போது சேர்ந்தது, எந்த வரிசையில் சேர்ந்தது, சேராவிட்டால் ஏன். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட திருப்தியும் பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டை கையொப்பத்தோடு திரும்பி வரும் திருப்தியும் ஒன்றாகிவிடாது. கேஷ் வழியாக எழுதும் நிரலுக்குக் கிடைப்பது முதல் வகைத் திருப்தி.

பெரும்பாலான நிரல்களுக்கு அதுவே போதும். தரவுத்தளத்துக்குப் போதாது. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாறும்போது, தரவுத்தளம் முதலில் லாக் கோப்பில் 'இப்படி மாற்றப்போகிறேன்' என்று எழுதும். அது டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்த பிறகே கமிட் ஆயிற்று என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும். கணக்குப் பக்கங்களை மெதுவாகப் பிறகு மாற்றிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் லாக்கை வாசித்து எல்லாவற்றையும் மீட்டுவிடும். இந்த முழுக் கட்டுமானமும் ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது: லாக் முன்னால், பக்கம் பின்னால். கேஷ் தன் வசதிக்கு வரிசையை மாற்றி, பக்கத்தை முதலில் அனுப்பிவிட்டு லாக்கைத் தாமதித்தால், மீட்பு என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகும். இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத்தை யூனிக்ஸின் மேல் கட்டிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981 ஜூலையில் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் இந்தக் குறையை முன்வைத்தார். கேஷிலேயே இருக்கும் 512 பைட்டை எடுத்து வரவும் அன்றைய பிடிபி-11/70 இயந்திரத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கட்டளைகள் செலவாகின்றன என்று கணக்குக் காட்டினார். நீண்ட நாள் தொடாத பக்கத்தை முதலில் வெளியேற்று என்ற கர்னலின் பொது விதி, ஒரு பெரிய அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வாசிக்கும் வேலைக்குச் சரியாகத் தலைகீழாக அமைகிறது என்றும் எழுதினார். ஒருமுறை வாசித்து முடித்த பக்கம் மறுபடி தேவைப்படாது. ஆனாலும் கர்னல் அதைத்தான் கட்டிக்கொண்டு, தேவைப்படும் பக்கங்களை வெளியே தள்ளும். இந்தப் பகுதியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். குறிப்பிட்ட பக்கம் குறிப்பிட்ட நேரத்தில் டிஸ்க்கைச் சேர்ந்தாக வேண்டும் என்று கட்டளையிடும் வசதி வேண்டும் என அவர் கேட்டதே எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

வணிகத் தரவுத்தளங்கள் வேறு வழி பார்த்தன. கோப்பு முறைமையையே ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கில் ரா டிவைஸாகத் திறந்த ஒரு முழுப் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு, கேஷ், வரிசை, மீட்பு எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டன. சொலாரிஸ் இயங்குதளத்தில் ஆரக்கிள் தரவுத்தளம் இப்படி ஓடுவது வெகு காலம் வழக்கமாக இருந்தது. இயங்குதளங்களோ ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நடந்தன. ஃப்ரீபிஎஸ்டி, 2000 மார்ச்சில் வந்த 4.0 பதிப்போடு பிளாக் டிவைஸைத் தூக்கி எறிந்தது. கேஷ் வழியாக டிஸ்க்கைத் தொடும் பெயர்களே அங்கே இல்லை. காரணத்தை அவர்களுடைய கட்டமைப்புக் கையேடு ஒளிக்காமல் சொல்கிறது: கேஷ் எழுதும் வரிசையைக் கலைப்பதால், ஒரு கணத்தில் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதை நிரல் அறிய முடியாது, ஆகவே அப்படிப்பட்ட டிவைஸை நம்பி எதையும் செய்ய இயலாது. கோப்புகளுக்கான கேஷ் அப்படியே இருந்ததால் சாதாரணப் பயனர்கள் எதையும் இழக்கவில்லை. லினக்ஸ் மறுகோடிக்குப் போனது. அங்கே டிஸ்க் என்றால் பிளாக் டிவைஸ், அதாவது கேஷ் வழியாகத்தான். தரவுத்தள நிறுவனங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2.4 வரிசையில் ஒரு ரா டிரைவர் ஒட்டவைக்கப்பட்டது. 2001-இல் 2.4.10 பதிப்பில், எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஐரிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்த ஓ-டைரக்ட் என்ற கொடி வந்து சேர்ந்தது. கோப்பைத் திறக்கும்போது இந்தக் கொடியைக் கொடுத்தால், அந்தக் கோப்புக்கு மட்டும் கேஷைத் தாண்டிப் போகலாம். நினைவிடம், நீளம், தொடங்கும் இடம் மூன்றும் டிஸ்க்கின் பிளாக் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அழைப்பு பெரும்பாலும் மறுக்கப்படும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் கொடியை வெளிப்படையாக வெறுத்தார். அவருடைய கடுஞ்சொற்கள் பல காலம் லினக்ஸ் கையேட்டிலேயே அச்சாகியிருந்தன.

டோர்வால்ட்ஸின் தரப்பை அலட்சியப்படுத்த முடியாது. நினைவகம் எல்லா நிரல்களுக்கும் பொது. யாருக்கு எவ்வளவு என்று முழுக் காட்சியையும் பார்ப்பது கர்னல் ஒன்றுதான். ஒவ்வொரு நிரலும் தனிக் கேஷ் வைத்துக்கொண்டால் அந்தப் பார்வை சிதறும். நிரல் தன் தேவையைக் குறிப்பால் சொல்லட்டும், கர்னல் கேஷை அதற்கேற்ப நடத்தட்டும் என்பது அவர்கள் வாதம். நிர்வாகிகளின் அனுபவமும் இதற்குத் துணை நின்றது. ரா பகுதிக்குக் கோப்புப் பெயர் இல்லை, நினைத்தபோது வளர்க்க முடியாது, சாதாரண நகல் கட்டளையால் காப்பெடுக்க முடியாது, தவறான பகுதியின் பெயரைத் தட்டிவிட்டால் மொத்தமும் போச்சு. ஆரக்கிளே பிறகு ரா பகுதிகளின் மேல் ஏஎஸ்எம் என்ற தன் சொந்த மேலாண்மை அடுக்கைக் கட்டிக்கொண்டது. லினக்ஸின் ரா டிரைவர் யாரும் வருந்தாமல் 2021-இல் 5.14 பதிப்போடு நீக்கப்பட்டது. இவையெல்லாம் உண்மை. தனிப் பகுதி, தனிப் பெயர் என்ற பழைய ரா டிவைஸுக்காக வாதாட இனி எதுவும் இல்லை. ஆனால் பெயர் மறைந்த பிறகும் தேவை மறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இன்றும் லினக்ஸில் தன் கோப்புகளைப் பெரும்பாலும் ஓ-டைரக்ட் கொண்டே திறக்கிறது. கர்னலின் கேஷ் நன்றாக இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. தாங்கள் எழுதியதற்கு என்ன நேர்ந்தது என்ற செய்தி நடுவில் தொலைந்துவிடக் கூடாது என்பதும் காரணம். கேஷை முழுதாக நம்பிய ஒரு தரவுத்தளத்துக்கு 2018-இல் நேர்ந்தது இதைத் தெளிவாக்கியது.

அந்தத் தரவுத்தளம் போஸ்ட்கிரஸ். அது தொடக்கம் முதலே கர்னலின் கேஷைச் சார்ந்தே கட்டப்பட்டது. தன் 8 கிலோபைட் பக்கங்களைச் சாதாரணமாக எழுதும். பிறகு, அதுவரை எழுதியதை டிஸ்க்கில் உறுதிசெய்யும் செக்பாயின்ட் நேரத்தில் எஃப்சிங்க் என்ற அழைப்பால் 'இந்தக் கோப்பில் தேங்கியதை டிஸ்க்குக்கு அனுப்பு, சேர்ந்த பிறகு சொல்' என்று கேட்கும். வெற்றி என்று பதில் வந்தால், அதற்கு முந்தைய லாக் இனி தேவையில்லை என்று மறுபயன்பாட்டுக்கு விட்டுவிடும். 2018 தொடக்கத்தில் தெரியவந்தது இது. பின்னணியில் எழுதும்போது டிஸ்க் பிழை சொன்னால், லினக்ஸ் கர்னல் பிழைக்கான குறியை வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை 'சுத்தம்' என்று மாற்றிவிடும். முதல் எஃப்சிங்க் பிழையைத் திருப்பித் தரும். போஸ்ட்கிரஸ் நியாயமாக மறுபடி முயலும். இரண்டாம் எஃப்சிங்க்குக்கு எழுத வேண்டிய பக்கம் எதுவும் தென்படாது, எல்லாம் சுத்தமாயிற்றே. ஆகவே வெற்றி என்று பதில் வரும். செக்பாயின்ட் முடிந்ததாகக் கணக்காகும், லாக் கைவிடப்படும். டிஸ்க்கில் பழைய பக்கம் அப்படியே இருக்கும். சில சூழல்களில் நிலைமை இதைவிட மோசம். கோப்பை எழுதிய செயல்முறை அதை மூடிவிட்டு, வேறொரு செயல்முறை திறந்து எஃப்சிங்க் கேட்டால், பழைய பிழை அதன் காதுக்கு எட்டாமலே போகலாம். 2017-இல் 4.13 பதிப்பில் லினக்ஸ் தன் பிழைக் கணக்கை ஓரளவு திருத்தியிருந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புப் பிடிக்கும் பிழை ஒருமுறையாவது தெரிய வேண்டும் என்பது அந்தத் திருத்தம். ஆனால் எழுதாத பக்கத்தை எழுதியதாகக் காட்டும் வழக்கம் நீங்கவில்லை. கடைசியில் போஸ்ட்கிரஸ்தான் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதலான பதிப்புகளில், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுமுயற்சி கிடையாது. சர்வர் அங்கேயே விழும், லாக்கிலிருந்து மீண்டும் எழும். தாம்சன் 1978-இல் காட்டிய அதே முதல் விரிசல், 41 ஆண்டு கழித்து உலகின் மிகக் கவனமான தரவுத்தளங்களில் ஒன்றைத் தன் அடிப்படை எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வைத்தது.

கர்னலைப் பராமரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதிலில் நியாயம் இருக்கிறது. ஒருவர் பென்டிரைவில் பெரிய கோப்பை நகலெடுக்கிறார். பாதியில் அதைப் பிடுங்கிவிடுகிறார். அதற்கு எழுத வேண்டிய நூற்றுக்கணக்கான மெகாபைட் இன்னும் கேஷில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை 'எழுதவில்லை' என்றே வைத்திருந்தால், திரும்பி வராத டிரைவுக்காக நினைவகம் என்றென்றும் பூட்டிக் கிடக்கும். ஆகவே சுத்தம் என்று குறித்து விடுவிப்பதைத் தவிர வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். பென்டிரைவுக்கு இது சரிதான். ஆனால் பக்கத்தை விடுவிப்பது வேறு, எழுதியதாகக் காட்டுவது வேறு. நினைவகத்தை விடுவித்துவிட்டு, அந்தக் கோப்பு சரிசெய்யப்படும்வரை எல்லா எஃப்சிங்க்கும் பிழையையே தர வேண்டும் என்று வைத்தால், கர்னலுக்கு நினைவகமும் மிஞ்சும், நிரலுக்கு உண்மையும் கிடைக்கும். பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துபோவது நினைவகப் பற்றாக்குறையால் வந்த கட்டாயம் இல்லை. கேட்பவர் எப்போதும் ஒருவரே, அவர் உடனே கேட்பார் என்ற பழைய அனுமானத்தால் வந்தது. பென்டிரைவையும் வங்கிக் கணக்கையும் ஒரே விதியால் ஆள்வது என்று எடுத்த முடிவின் விலையைத் தரவுத்தளங்கள் கொடுத்தன.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. ஓ-டைரக்டோ ரா டிவைஸோ, எதை வைத்துக்கொண்டாலும் டிஸ்க்கை நேரடியாகத் தொடுவது இன்று யாராலும் ஆகாது என்கிறது அது. டிஸ்க்குக்கே தன் சொந்தக் கேஷ் உண்டு. அதில் விழுந்ததும் 'ஆயிற்று' என்று சொல்லிவிடும், மின்சாரம் போனால் அதுவும் போகும். சுமார் 2010 முதல் வந்த பல டிஸ்க்குகள் வெளியே 512 பைட் செக்டர் என்று காட்டிக்கொண்டு உள்ளே 4096 பைட்டாகவே எழுதுகின்றன. முன்பு கர்னல் செய்த வாசி, மாற்று, எழுது வேலையை இப்போது டிஸ்க்கின் உள்ளிருக்கும் சிறு கணினி செய்கிறது. எஸ்எஸ்டியில் 1000-ஆவது செக்டர் எந்தச் சில்லில் இருக்கிறது என்பது அதன் உள் அட்டவணைக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் இடம் மாறும். கர்னலை நம்பாமல் தாண்டிப்போய், அதைவிட மூடிய இன்னொரு பெட்டியை நம்புவதால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். கேள்வி சரி, அதிலிருந்து வரும் முடிவு தவறு. டிஸ்க்கின் கேஷோடு இயங்குதளத்துக்கு எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. டிஸ்க்குகளுக்கான ஏடிஏ, என்விஎம்இ தரங்களில் கேஷைக் காலி செய் என்ற கட்டளை உண்டு. இப்போது எழுதும் இது மட்டும் உறுதியாகச் சேரட்டும் என்ற குறியும் உண்டு. மதிப்புள்ள சர்வர் எஸ்எஸ்டிகளில், மின்சாரம் போனாலும் கேஷை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கி வைத்திருப்பார்கள். உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும், இதுவரை எழுதியது சேர்ந்துவிட்டதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு அடுக்கும் பொய்யில்லாமல் பதில் சொன்னால் போதும். தரவுத்தளத்துக்குத் தட்டின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் என்றுமே இருந்ததில்லை.

ஒரே பெயர் வேறு வேறு உறுதியைத் தருவதுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் எஃப்சிங்க், டிஸ்க்கின் கேஷையும் காலி செய்யச் சொல்லும். மேக்ஓஎஸ்ஸில் அதே எஃப்சிங்க், தரவை டிஸ்க்கிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடும். டிஸ்க்கின் கேஷும் காலியாக வேண்டுமானால் எஃப்-ஃபுல்-எஃப்சிங்க் என்ற தனி வேண்டுகோள் வேண்டும். ஆப்பிளின் கையேட்டில் இது இருக்கிறது, ஆனால் லினக்ஸில் எழுதிச் சோதித்த நிரலை மேக்குக்குக் கொண்டுபோகிறவர் கையேட்டின் அந்த வரியைத் தேடிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. விண்டோஸில் கேஷைத் தாண்டுவதற்கு ஒரு கொடி, உடனே எழுதச் சொல்வதற்கு இன்னொரு கொடி. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் வைப்பவர்கள் உண்டு. லினக்ஸிலும் ஓ-டைரக்ட் கர்னலின் கேஷை மட்டுமே தாண்டுகிறது. டிஸ்க்கின் கேஷைக் காலி செய்வது அதன் வேலையில் சேராது. கேஷைத் தாண்டினால் போதும், தரவு பத்திரம் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் மிகப் பரவலான தவறுகளில் ஒன்று.

லினக்ஸ் அண்மையில் எடுத்த ஒரு முடிவை வரவேற்க வேண்டும். கோப்பு முறைமை ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போதே, அதே டிஸ்க்கைப் பிளாக் டிவைஸாகத் திறந்து அடியிலிருந்து எழுதுவது நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டிருந்தது. கோப்பின் கேஷும் டிவைஸின் கேஷும் தனித்தனி என்பதால், ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. கோப்பு முறைமை தன் காலடியில் தரை மாறுவதை அறியாமல் நடந்துகொண்டிருக்கும். 2024-இல் வந்த 6.8 பதிப்பு முதல், இப்படி எழுதுவதைக் கர்னலைக் கட்டும்போதே தடுத்துவிட ஒரு தேர்வு இருக்கிறது. இயல்பில் அது இன்னும் அனுமதிக்கும் பக்கமே நிற்கிறது, பழைய கருவிகள் சில அதை நம்பியிருப்பதால். பொதுப் பயனர்களுக்கான லினக்ஸ் வெளியீடுகள் தடுக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தரவுத்தளங்களின் பக்கமும் ஒரு மாற்றம் தெரிகிறது: போஸ்ட்கிரஸ் 2023-இல் 16-ஆம் பதிப்பில், நிரலாளர்களின் சோதனைக்கு மட்டும் என்று சொல்லி, நேரடி டிஸ்க் வழியை ஒரு தேர்வாகக் கொண்டுவந்திருக்கிறது. ஸ்டோன்பிரேக்கர் கேட்ட இடத்துக்கு, அவருடைய இங்க்ரெஸின் வழிவந்த தரவுத்தளம் நாற்பது ஆண்டு சுற்றி வந்திருக்கிறது.

கணக்கு, மருத்துவக் குறிப்பு, தேர்வு மதிப்பெண், நில ஆவணம் என்று இழக்கக் கூடாத எதையாவது சேமிக்கும் நிரலை எழுதுகிறவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். எழுதிய பின் எஃப்சிங்க் அழைத்து, அது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். கோப்பை மூடியது எதற்கும் உத்தரவாதம் இல்லை. பிழை வந்தால் அதே எஃப்சிங்க்கை மறுபடி அழைத்து வெற்றி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கையில் இருக்கும் மூலத்திலிருந்து தரவையே மறுபடி எழுதுங்கள். உங்கள் நிரல் ஓடப்போகும் இயங்குதளத்தின் கையேட்டில் அந்த அழைப்பின் பக்கத்தை ஒருமுறையாவது முழுதாக வாசியுங்கள்.